மரம் அறுக்கிற மிஷினுக்கு ஒரிஜினல் ஸ்பேரா, லோக்கல் ஸ்பேரா? எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வேடசந்தூர், எரியோடு, வடமதுரை பக்கம் செயின் சா ரிப்பேர் பார்க்கும் பட்டறையில் மிஷினைக் கொண்டுபோய் வைத்தால், மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: “ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவா?”

இரண்டின் விலையையும் சொன்னதும் பலருக்கு யோசிக்க ஒன்றுமில்லாமல் போய்விடும். லோக்கல் பிஸ்டன் செட் ஒரிஜினலில் கால் பங்கு விலைக்குக் கிடைக்கும்போது, நாளைக்கு விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டிய ஆள் எதை எடுப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் அதே ஆள் இரண்டு மாதம் கழித்து அதே மிஷினோடு அதே பட்டறைக்கு வந்து நிற்பதும் உண்டு. லோக்கல் செயின் மாட்டி வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆக, ‘ஒரிஜினல்தான் நல்லது’ என்பதும் முழு உண்மை இல்லை. ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பதும் உண்மை இல்லை. எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது.

குடகனாற்றின் கரையோரமும், வறண்ட கண்மாய்களும், தரிசுகளும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஊர் இது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது தென் மாவட்டங்கள் முழுக்க அரிவாளும் ஜேசிபியும் செயின் சாவும் இறங்கின. அடுத்த வருஷம், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த மிஷின் எவ்வளவு அவசியம் என்பதைத் தமிழ்நாடு அப்போது கண்ணால் பார்த்தது. விறகு, கரிமூட்டம், தோப்பில் பட்டுப்போன தென்னை, வரப்போர வேம்பு என்று இன்றைக்கு கிராமத்துக்கு ஒருவராவது சொந்த மிஷின் வைத்திருக்கிறார். சிலருக்கு அதுதான் பிழைப்பு.

இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளை, ஊரில் இருக்கும் அப்பாவுக்காக ஆன்லைனில் 58 சிசி மிஷின் ஒன்றை ஆர்டர் போடுகிறார். ஐந்தாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாயில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பிறகு அது ரிப்பேர் ஆனால் பாகம் தேடுவதும் அந்தப் பிள்ளைதான், போனில். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவருக்காக.

ஒரிஜினல் என்றால் யார் செய்தது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்டில் கம்பெனி ஜெர்மனியில் 1926-ல் ஆரம்பித்தது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959-ல் செயின் சாவுக்கு வந்தது. இவ்வளவு பழைய கம்பெனிகளாக இருந்தாலும், மிஷினில் உள்ள எல்லாப் பாகத்தையும் இவர்களே வார்த்து, கடைந்து செய்வதில்லை. ஸ்பார்க் பிளக் என்.ஜி.கே., போஷ் போன்றவர்களிடமிருந்து வரும். கார்ப்பரேட்டர் வால்ப்ரோ, ஜாமா போன்ற நிறுவனங்களுடையதாக இருக்கும். (ஜாமாவை ஸ்டில் 2008-ல் வாங்கிப்போட்டது வேறு கதை.) செயினை ஸ்டில் சுவிட்சர்லாந்தில் உள்ள சொந்த ஆலையில் செய்கிறது; வேறு பல பிராண்டுகள் வெளியில் வாங்குகின்றன.

அதனால் கடையில் நம் கைக்கு வரும் சாமான் நான்கு வகையில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

ஒன்று, மிஷின் கம்பெனியின் பெட்டியில், அதன் பாக எண்ணோடு வரும் ‘கம்பெனி ஸ்பேர்’. இரண்டாவது, கம்பெனிக்கே சப்ளை செய்யும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது. அதே என்.ஜி.கே. பிளக் என்.ஜி.கே. பெட்டியிலேயே வந்தால் சாமானில் வித்தியாசம் இல்லை, விலையில்தான். மூன்றாவது, மிஷின் கம்பெனியோடு சம்பந்தமே இல்லாத, ஆனால் தன் பெயரை வெளிப்படையாகப் போட்டு விற்கும் மாற்றுத் தயாரிப்பு. இதில் உலகத்தரமும் உண்டு, குப்பையும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் செயின், இத்தாலியின் மெட்டியோர் பிஸ்டன், கேபர் ரிங் எல்லாம் இந்த வகைதான். இவற்றை யாரும் மட்டம் என்று சொல்ல முடியாது. நான்காவதுதான் டூப்ளிகேட்: கம்பெனி பெயரையும் லோகோவையும் போலியாக அடித்து, ஒரிஜினல் என்று சொல்லி விற்பது.

நம் ஊர் பேச்சில் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து ‘லோக்கல்’ என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். மூன்றாவது வகை சட்டப்படியான வியாபாரம். நான்காவது மோசடி, வணிக முத்திரைச் சட்டம் 1999-ன்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பூட்டுக்குப் பேர்போன மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலிவான வெளியூர்ப் பூட்டுகளோடு போட்டி போட்டே களைத்துப்போன திண்டுக்கல் பூட்டுக்கு, 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிஸ்டனும் போரும்: லோக்கல் அதிகம் காலை வாரும் இடம்

செயின் சா எஞ்சின் டூ-ஸ்ட்ரோக். கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒருமுறை வெடிக்கும். மரத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே நிமிஷத்துக்கு 9,000, 10,000 சுற்று ஓடும். பைக் எஞ்சின் போல தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே உயவு. குளிர்விக்க வெறும் காற்று. சித்திரை வெயிலில் கருவேலங்காட்டுக்குள் புழுதியோடு ஓடும் மிஷினில் அந்தப் பிஸ்டன் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சூட்டைத் தாங்கத்தான் சிலிண்டரின் உட்சுவரில் மிக மெல்லிய, ஆனால் மிகக் கடினமான பூச்சு பூசுகிறார்கள். நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு துகள் சேர்ந்த ‘நிகாசில்’ பூச்சை ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் கொண்டுவந்தது. நல்ல மிஷின்களில் இன்றைக்கும் அந்த வகைப் பூச்சுதான். மலிவான செட்டுகளில் முதலில் கை வைக்கும் இடம் இந்தப் பூச்சுதான். பூச்சு சீராக ஒட்டாமல் போர்ட் ஓரத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்தால், ரிங் அதில் மாட்டும், பிஸ்டனில் கோடு விழும், கம்ப்ரெஷன் போய்விடும்.

போர்ட்டுகளின் விளிம்பும் அப்படித்தான். சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் ஓரத்தை மழுங்கச் சரித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் கத்தி முனை போல விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ரிங்கை அது சுரண்டும். நல்ல மெக்கானிக் லோக்கல் செட்டை வாங்கினாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். கூராக இருந்தால் நுண்ணிய எமரியால் அந்த விளிம்பை மட்டும் தேய்த்துவிட்டுத்தான் மாட்டுவார். அப்படி ஒரு மெக்கானிக் உங்களுக்கு வாய்த்திருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விடச் சின்னது, பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப். நகத்தளவுதான் இருக்கும். அது நழுவி வெளியே வந்தால் சிலிண்டர், பிஸ்டன், சில நேரம் கிராங்க் வரை எல்லாம் காலி. லோக்கல் பிஸ்டன்தான் போடப் போகிறோம் என்றாலும், கிளிப்பை மட்டும் கம்பெனி ஸ்பேராக வாங்கிப் போடுவது அனுபவஸ்தர்களின் வழக்கம். முடிந்தால் ரிங்கையும் நல்ல பெயருள்ளதாக மாற்றிக்கொள்வார்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பிஸ்டன் சீஸ் ஆகி வந்த மிஷினுக்குப் புது செட் போடுவதற்கு முன்னால், அது ஏன் சீஸ் ஆனது என்று பார்த்தார்களா? கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்று உள்ளே போயிருக்கலாம். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம். ஆயில் கலக்காமல் யாராவது பெட்ரோல் ஊற்றியிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரிஜினல் செட் போட்டாலும் அதுவும் சீஸ்தான் ஆகும். அப்போது ‘ஒரிஜினலும் இப்படித்தான்’ என்று பெயர் கெடுவது பாகத்துக்கு. லோக்கல் செட் இரண்டே மாதத்தில் போய்விட்டது என்று வரும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் இந்த ரகம்.

பங்க் பெட்ரோல் மாறிவிட்டது

ஸ்பேர் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் பாதி இன்றைக்குப் பெட்ரோல் பிரச்சினை. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. கார்காரர்கள் மைலேஜ் பற்றிப் புலம்பினார்கள். செயின் சா வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி, ஆனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் இருப்பதோ அடியில். ஆயிலே இல்லாத திரவம் எஞ்சினுக்குப் போகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வையும் பெட்ரோல் குழாயையும் எத்தனால் விறைக்க வைக்கும் அல்லது ஊத வைக்கும். பல செயின் சா மாடல்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோல் வேண்டாம் என்றே போட்டிருக்கிறார்கள். நம் பங்க்கில் அது கிடைப்பது கஷ்டம் என்ற நிலையில், செய்யக்கூடியது இதுதான்: வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அன்றன்றைக்குக் கலப்பது, மிஷினை நாள்கணக்கில் வைக்கப் போகிறோம் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வைப்பது. குழாய், சவ்வு மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரப்பர் என்று உறுதியாகச் சொல்லும் பெயருள்ள சாமானைப் போடுவது. முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளைக் குழாய் இந்த இடத்துக்கு ஆகாது.

கார்ப்பரேட்டர் முழுசையுமே மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் சவ்வு, கேஸ்கெட் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டால் போதும். பழைய ஒரிஜினல் கார்ப்பரேட்டருக்கு நல்ல கிட் போடுவது, புது லோக்கல் கார்ப்பரேட்டரை விட மேல் என்பது என் கருத்து. லோக்கல் கார்ப்பரேட்டரில் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் முழு வேகத்தில் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகப் போனால்கூட எஞ்சின் நன்றாக இழுப்பது போலத் தோன்றிக்கொண்டே வெந்துவிடும்.

ஆயில் கணக்கு: ஸ்டில் கையேடுகளில் தன் சொந்த ஆயிலுக்கு 1:50, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, மற்ற டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 1:25, லிட்டருக்கு 40 மில்லி என்று போட்டிருக்கும். படகு மோட்டாருக்கான ஆயில் வேறு. அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, இதற்கு ஊற்றக்கூடாது. மூடியை வைத்துக் குத்துமதிப்பாக அளப்பதை விட மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச் வாங்குவது நல்லது.

செயின், பார்: தைரியமாக மாற்றுப் பிராண்டுக்குப் போகலாம்

இங்கே கதை தலைகீழ். இன்றைய செயினின் மூல வடிவமே மிஷின் கம்பெனிக்காரர் கண்டுபிடித்தது இல்லை. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை வலமும் இடமுமாகக் கடித்துத் துளைத்துப் போவதைப் பார்த்து, அதே மாதிரி பற்களை வைத்துச் செயின் செய்தார். அடுத்த வருஷமே கம்பெனி தொடங்கினார், அதுதான் ஓரிகன். ஆக, செயினைப் பொறுத்தவரை ‘மாற்றுத் தயாரிப்பு’ என்ற சொல்லே கொஞ்சம் வேடிக்கையானது.

பெயருள்ள செயின் எதுவானாலும் சரி, அளவு சரியாக இருக்கவேண்டும். ஆன்லைனில் வாங்கிக் கோட்டைவிடுவது இங்கேதான். ‘18 இன்ச் செயின்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மூன்று எண் வேண்டும். முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நடுப்புள்ளி தூரத்தை அளந்து இரண்டால் வகுப்பது. மூன்று ரிவெட் தூரம் 16.5 மி.மீ. இருந்தால் அது 0.325 இன்ச் செயின், 18.5-லிருந்து 19-க்குள் இருந்தால் 3/8. இரண்டாவது கேஜ்: பாரின் பள்ளத்தில் ஓடும் அடிப்பல்லின் தடிமன், 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். 1.6 பள்ளத்தில் 1.3 செயினை மாட்டினால் மாட்டத்தான் செய்யும், ஆனால் ஆடும், மரம் கோணலாக அறுபடும். மூன்றாவது, அடிப்பற்களின் எண்ணிக்கை. செயினைத் தரையில் போட்டு விரல் விட்டு எண்ணவேண்டியதுதான். இந்த மூன்று எண்ணும் பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்திலேயே பொறித்திருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல்லின் வடிவத்திலும் ஒரு தேர்வு உண்டு. மூலை கூராக இருக்கும் புல்-சிசல் செயின் சுத்தமான மரத்தில் பறக்கும். மண்ணும் புழுதியும் பட்டால் உடனே மழுங்கும். மூலை உருண்டிருக்கும் செமி-சிசல் கொஞ்சம் நிதானம், ஆனால் கூர் நிற்கும். கருவேலம் கெட்டியான மரம். அடிமரத்தில் மண் அப்பியிருக்கும். இந்தப் பக்கத்துக்கு செமி-சிசல்தான் லாயக்கு. கடைக்காரர் ‘வேகமா அறுக்கும்’ என்று மற்றதைக் காட்டினாலும் மயங்க வேண்டாம்.

பேர் தெரியாத ரொம்ப மலிவான செயினில் இரண்டு பிரச்சினை: பல்லின் மேல் இருக்கும் குரோம் பூச்சு ஒப்புக்கு இருக்கும், ரிவெட் சீக்கிரம் தேய்ந்து செயின் நீண்டுகொண்டே போகும். அரத்தால் ராவ ராவ கூர் ஏறாது. சரியான அரமும் முக்கியம்: சின்ன மிஷினின் 3/8 லோ-புரொபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம், 0.325-க்கு 4.8 மி.மீ.

செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு ஸ்பிராக்கெட் மாற்றவேண்டும் என்பது பொதுக் கணக்கு. தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினை மாட்டுவது, தேய்ந்த செருப்போடு புதுச் சாலையில் நடப்பது போல் இல்லை; அது புதுச் செயினையும் சேர்த்துத் தின்றுவிடும். பாரை ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இருபக்கமும் சமமாகத் தேயும். பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஆனால் எல்லாக் கையேடும் அதைக் கூடாது என்கிறது. அதில் இருக்கும் இரும்புத்தூள் ஆயில் பம்பை அரிக்கும். ஒட்டாமல் தெறித்துப் போவதால் பாரும் காயும்.

காசு பார்க்கக்கூடாத பாகங்கள்

ஒரு சின்னக் கணக்கு. 3/8 செயின், 7 பல் ஸ்பிராக்கெட். ஒரு சுற்றுக்குச் செயின் சுமார் 13 செ.மீ. நகரும். நிமிஷத்துக்கு 9,000 சுற்று என்றால் விநாடிக்கு சுமார் 20 மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஓடும் பற்கள் உங்கள் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கின்றன.

பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் மின்னல் வேகத்தில் மேல்நோக்கி எகிறும். இதைத்தான் கிக்-பேக் என்கிறார்கள். முன்னால் இருக்கும் கைக்காப்பு தள்ளப்பட்டு, பிரேக் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கி, கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்தவேண்டும். அந்தப் பட்டையும் ஸ்பிரிங்கும் எந்த எஃகில் செய்தது, எவ்வளவு சூட்டில் பதப்படுத்தியது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியவருவது ஒரே ஒரு தடவைதான்.

அதனால் செயின் பிரேக், அதன் ஸ்பிரிங், கைக்காப்பு, அறுந்த செயினைப் பிடிக்கும் கேட்சர், திராட்டில் லாக், கிளட்ச் ஆகியவற்றில் லோக்கல் வேண்டவே வேண்டாம். அதிர்வைத் தாங்கும் ரப்பரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். அது வெறும் சொகுசு இல்லை. தினமும் ஆறு மணி நேரம் மிஷின் பிடிக்கிறவருக்கு வருஷக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரல் மரத்து வெளுத்துப்போகும் நோய் வரும். மிஷின் பழசானதும் ‘பிரேக் தொல்லை பண்ணுது’ என்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களிடம் ஒரிஜினலா லோக்கலா என்ற பேச்சே எடுபடாது.

செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் குட்டை மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பல்லை விட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். சீக்கிரம் அறுக்கவேண்டும் என்று அதை மேலும் ராவிவிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், மிஷின் உதறும், கிக்-பேக் அபாயம் கூடும். இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை என்பதால் பலரும் செய்கிறார்கள்.

‘அப்கிரேடு’ ஆசை

யூடியூப் பார்த்துவிட்டு வரும் ஆசைகளில் முதல் இடம் நீளமான பாருக்கு. எம்.எஸ். 180 போன்ற மிஷினின் எஞ்சின் 31.8 சிசிதான். அதில் 20 இன்ச் பாரை ஏற்றினால் எஞ்சின் திணறும். ஆயில் பம்பும் நுனி வரை எண்ணெய் அனுப்பத் திணறும். பெரிய மரம்தான் தினசரி வேலை என்றால் பெரிய மிஷின் வாங்குவதைத் தவிர வழியில்லை.

7 பல்லுக்குப் பதில் 8 பல் ஸ்பிராக்கெட் போட்டால் செயின் வேகம் 14 சதவீதம் கூடும், இழுவை அதற்கேற்பக் குறையும். கெட்டி மரத்தில் இது நஷ்ட வியாபாரம். சைலன்ஸரை வெட்டித் திறந்துவிட்டால் சத்தம் கூடும், கொஞ்சம் பவரும் கூடலாம். ஆனால் கார்ப்பரேட்டரை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் வெந்துபோகும். வீடியோவில் இரண்டாம் பாதியைச் சொல்லமாட்டார்கள்.

சிசி என்பதையும் நம்பிவிடாதீர்கள். போரின் விட்டம் 45 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்றால் கொள்ளளவு 54 சிசிதான் வரும். ஸ்டிக்கரில் 58 என்றோ 62 என்றோ அடிப்பதற்கு அச்சுக்கூலி மட்டும்தான் செலவு. விற்பனைப் பக்கத்தில் விட்டமும் ஸ்ட்ரோக்கும் போட்டிருந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்த மலிவு மிஷின்களைப் பற்றி ஒரு நியாயமும் சொல்லவேண்டும். வருஷத்துக்கு நாலு நாள் தோப்பில் மட்டை, கிளை அறுக்கிறவருக்கு அது போதும். அதற்கு ‘ஒரிஜினல்’ என்று ஒன்றே கிடையாது. எல்லாமே லோக்கல், ஆனால் பல பிராண்டுகளுக்கும் ஒரே அச்சு என்பதால் பாகம் எங்கும் கிடைக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தும். ஜெர்மன் மிஷினுக்கு ஒரு பாகம் வரக் காத்திருக்கும் நேரத்தில் இதற்கு மூன்று தடவை மாற்றிவிடலாம். மரம் அறுப்பதே பிழைப்பு என்கிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. உதாரணத்துக்கு, ஒரிஜினல் செட்டுக்கும் லோக்கல் செட்டுக்கும் 4,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். லோக்கல் பாதியில் போய், கூட வரும் இரண்டு ஆள் கூலியோடு மூன்று நாள் வேலை நின்றால் அந்த மிச்சம் எங்கே போனது என்று தெரியாது.

வாரன்ட்டி போய்விடுமா?

‘வெளியில் கை வைத்தால் வாரன்ட்டி கிடையாது’ என்ற மிரட்டல் எல்லாப் பொருளுக்கும் உண்டு. இந்தியாவில் இதை நேருக்கு நேர் விசாரித்த பெரிய வழக்கு கார்களைப் பற்றியது. 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் கிடைக்காமல் செய்தது, வெளியில் ரிப்பேர் பார்த்தாலே வாரன்ட்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போட்டது எல்லாம் தவறு என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்த உத்தரவுதான் இந்த விவாதத்தின் தொடக்கப்புள்ளி. 2022 டிசம்பர் 24-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று விவசாயக் கருவிகள்.

இதை வைத்து, லோக்கல் பிஸ்டன் போட்டு எஞ்சின் போனாலும் கம்பெனி மாற்றித்தரும் என்று நினைத்துவிட வேண்டாம். போட்ட பாகத்தால் வந்த கேட்டுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. வாரன்ட்டி அட்டையில் இன்னொன்றையும் பாருங்கள்: தொழிலுக்கு ஓட்டும் மிஷினுக்கு வாரன்ட்டி காலம் குறைவாக இருப்பது வழக்கம்.

போலி பாகத்தில் ஏமாந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கை கொடுக்கும். ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருள் தீங்கு செய்தால், விற்றவரைப் பொறுப்பாக்கவும் வழி உண்டு. ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் ஒரு புகார் போட்டுப் பார்க்கலாம்; பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். அதில் ‘சா ஸ்பேர்ஸ்’ என்று மொட்டையாக எழுதாமல் பிராண்டும் பாக எண்ணும் எழுதச் சொல்லுங்கள். ஸ்டில் பாக எண் 11 இலக்கம் கொண்டது. முதல் நான்கு இலக்கம் எந்த மாடல் குடும்பம் என்பதைச் சொல்லும்: 1130 என்றால் எம்.எஸ். 170, 180, 1123 என்றால் எம்.எஸ். 210, 230, 250; 1119 என்றால் பழைய 038, பிறகு வந்த எம்.எஸ். 380, 381. பெட்டியில் இருக்கும் எண் உங்கள் மாடலோடு ஒத்துவராவிட்டால் கடையிலேயே கேளுங்கள். ஆனால் 0000 என்றோ 9-ல் தொடங்கியோ இருந்தால் பதற வேண்டாம். அவை பல மாடலுக்கும் பொதுவான பாகங்கள், பேரிங், கிளிப், ஸ்க்ரூ வகையறா. மாற்றிய பழைய பாகத்தையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் ஒரு பையில் போட்டு வாங்கி வாருங்கள். புதுசு இரண்டு மாதத்தில் போனால், பக்கத்தில் வைத்துக் காட்ட அதுதான் இருக்கும்.